இதயத்தை எண்ணியவர்கள் – 17: திண்ணைக்கு வந்த கைப்பட்டை

சென்ற அத்தியாயத்தை ஃபிரேமிங்ஹாமில் முடித்தோம். 1948-இல் அந்த அமெரிக்கச் சிற்றூரில் 30 வயது முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேர் மருத்துவர்கள் முன் கையை நீட்டினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து நீட்டினார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்த பிறகுதான், 1961-இல், உயர் ரத்த அழுத்தமும் மிகுந்த கொழுப்பும் மாரடைப்புக்கு முன்னால் நடந்து வருகிறவை என்று சொல்ல முடிந்தது. நோய் வந்தவரை ஆஸ்பத்திரியில் பார்ப்பதோடு நில்லாமல், நன்றாக நடமாடும் ஊரையே அளந்து பார்க்கும் வழக்கம் அங்கே வேர் பிடித்தது.

அந்த வழக்கம் நம் பக்கம் வந்த கதை இது. சென்னையில் உட்கார்ந்தும் இதைச் சொல்லலாம், டெல்லியில் உட்கார்ந்தும் சொல்லலாம். நான் தேனியிலிருந்து சொல்கிறேன். மக்கள்தொகை முழுவதையும் அளப்பது என்றால் என்ன, அதில் யார் விட்டுப்போகிறார்கள் என்ற இரண்டும் இந்த மாவட்டத்தில் கண்ணெதிரே தெரிகின்றன.

விடியற்காலை போடிநாயக்கனூரில் நின்று பாருங்கள். இருட்டு விலகுவதற்குள் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். தூக்குவாளியில் கஞ்சியோ சோறோ, தலைக்குக் கட்ட ஒரு பழைய துண்டு, குளிருக்கு ஒரு சட்டை. பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் கூடலூரிலும் இதே காட்சிதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகள். மூன்றும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில்தான் இறங்கி வருவார்கள். இவர்கள் வீட்டுக் கதவைப் பகல் 11 மணிக்குத் தட்டும் ஒரு கணக்கெடுப்பாளர் யாரைப் பார்ப்பார்? கண் மங்கிய பாட்டியை, அல்லது பூட்டை. இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

நம் ஊரில் நாடி பிடித்துப் பார்க்கும் மரபு பழையது. வாதம், பித்தம், ஐயம் மூன்றையும் மூன்று விரல் நுனியில் உணர்ந்து சொல்லும் வைத்தியர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலும் இருந்திருக்கிறார்கள். அந்த அறிவு உணரும் விரலுக்கும் நீட்டிய கைக்கும் இடையிலேயே தங்கிவிடுவது. உத்தமபாளையத்தில் ஒருவர் உணர்ந்ததையும் பெரியகுளத்தில் இன்னொருவர் உணர்ந்ததையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி காண முடியாது. ஒரு நாட்டின் இதயத்தை அளக்க வேண்டுமானால், முன்பின் அறியாத இரண்டு பேர், வெவ்வேறு ஊரில், ஒரே கைக்கு ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

அந்த எண் வந்தது காற்றடைக்கும் ஒரு பட்டையால். 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடைத்து, நாடி நிற்கும் இடத்தில் பாதரசத்தின் உயரத்தைக் குறித்தார். அப்போது மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905-இல் ருஷ்ய ராணுவ மருத்துவர் கொரட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காது கொடுத்தார். காற்றை மெல்ல விடும்போது டொக் டொக்கென்று ஒரு சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், அது அடங்கும் இடம் கீழ் எண். நூறாண்டு கடந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா காதில் கேட்பது அவர் கேட்ட அதே சத்தம்தான். பாதரசத்தைக் கைவிட வேண்டும் என்று உலக நாடுகள் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டதால், அந்த நீண்ட பெட்டி மெல்ல மறைந்து, பொத்தானை அமுக்கினால் எண் காட்டும் சின்னக் கருவி அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. இந்த மாற்றம் இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் கதை நடந்திருக்காது. காது பழகாதவரும் அளக்கலாம் என்ற நிலை வந்தது இந்தக் கருவியால்.

ஒரு கிளைக்கதை. எண் வந்துவிட்டால் மருந்தையும் அளக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் சர்ப்பகந்தி வேரை நாட்டு வைத்தியம் தலைமுறைகளாக அறியும். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அந்த வேர் ரத்த அழுத்தத்தை எவ்வளவு இறக்குகிறது என்று நோயாளிகளிடம் அளந்து பார்த்து, 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகம் அதற்குப் பிறகுதான் இந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1957-இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. நம் மலை வேருக்கு உலக மருத்துவத்தில் இடம் வாங்கித் தந்தது கைப்பட்டையின் எண்.

இனி சாவுக் கணக்குக்கு வருவோம். உயிரோடிருப்பவரின் அழுத்தத்தை அளப்பதற்கு முன்பு, இதயத்தால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்றாவது தெரிய வேண்டும். இந்தியாவில் அதுவே பெரும்பாடாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு மருத்துவர் காரணம் எழுதித் தருவார். வீட்டில் இறந்தவருக்கு? 'ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டாரு, நெஞ்சு கரிக்குதுன்னாரு, வாயுப் பிடிப்புன்னு நினைச்சோம், விடியக்குள்ள முடிஞ்சு போச்சு' என்று வீட்டார் சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் அது முதுமை என்றோ, நெஞ்சு வலி என்றோ ஏறும். ஏறாமலும் போகும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழ்நாட்டில் நடந்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. சென்னையில் மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து, 1990-களின் பிற்பாதியில் இறந்துபோன பெரியவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்களை அனுப்பினார்கள். சென்னை நகரத்தில் 48,000 சாவுகள், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் 32,000 சாவுகள். பணியாளர் துக்க வீட்டில் உட்கார்ந்து, இறப்பதற்கு முன் என்ன நடந்தது, எங்கே வலித்தது, வியர்த்ததா, கை இழுத்துக்கொண்டதா, பீடி பிடிப்பாரா என்று கேட்டு, வீட்டார் சொன்னதை எழுதிக்கொண்டு வருவார். அதைப் படித்து மருத்துவர்கள் காரணத்தைக் குறிப்பார்கள். வாய்மொழிப் பிணக்கூறாய்வு என்று இதைச் சொல்லலாம். கத்தி இல்லை, சவக்கிடங்கு இல்லை. மனைவியின் நினைவும் மகளின் நினைவும்தான் கருவி. பதிவேட்டில் காரணம் தெரியாது என்று கிடந்த சாவுகளில் பெரும்பகுதிக்கு இதனால் ஒரு பெயர் கிடைத்தது.

இந்த முறையை நாடு முழுமைக்கும் விரித்தது, பிரபாத் ஜா தலைமையில் இந்தியப் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தோடு சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பமான பத்து லட்சம் சாவுகள் ஆய்வு. ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிப்பார்கள். இருவர் கருத்தும் ஒத்துப்போகாவிட்டால் மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். 2018-இல் அவர்கள் வெளியிட்ட இதயக் கணக்கைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் மாரடைப்புச் சாவு விகிதம் 2000-க்குப் பிறகு கிராமங்களில் ஏறி ஏறி, நகரத்தையே தாண்டியிருந்தது. மாரடைப்பு பட்டணத்து வியாதி, பணக்காரர் வியாதி, வெயிலில் உழைப்பவனுக்கு வராது என்று நாம் சொல்லி வந்ததெல்லாம் அந்தப் பக்கங்களில் பொய்த்துக் கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி உழைக்கும் கிராமம்தான்.

இன்னொரு கணக்கும் அதற்கு முன்பே வந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுஃப், கனடாவிலிருந்து நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், அதே அளவு வராதவர்களையும் ஒப்பிட்டது. 2004-இல் முடிவு வந்தது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மன அழுத்தம், காய்கனி குறைந்த சாப்பாடு, உடல் அசையாமை என்று அளக்கக்கூடிய காரணங்களே பத்தில் ஒன்பது பங்கு மாரடைப்புகளுக்குப் பின்னால் இருந்தன. தெற்காசியருக்கு மட்டும் முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 வயது முன்னதாகவே வந்தது. 53 வயதில். வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடியாத வயது அது.

மாதிரி எடுத்து முழுமையை அறிவது எப்படி என்று போடிக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஏலக்காய் ஏல மையத்தில் மூட்டை முழுவதையும் யாரும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கை காய் எடுத்துச் சின்னப் பொட்டலமாக வியாபாரி கையில் கொடுப்பார்கள். நிறம், திரட்சி, மணம் பார்த்து மொத்த லாட்டுக்கும் விலை சொல்வார். ஆனால் அந்தக் கைக்காய் மூட்டையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். மேலாக இருக்கும் நல்ல காயை மட்டும் அள்ளினால் விலை தப்பாகும். மக்களை அளப்பதற்கும் இதுதான் சட்டம்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஸ்டெப்ஸ் முறை மூன்று படிகளைக் கொண்டது. முதல் படியில் கேள்விகள்: புகையிலை, மது, காய்கனி, உப்பு, நடை. இரண்டாம் படியில் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம். மூன்றாம் படியில் ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும். ரத்த அழுத்தத்தை மூன்று முறை எடுத்து, முதல் எண்ணை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியைக் கொள்வார்கள். முதல் எண்ணை ஏன் விட வேண்டும்? வாசலில் அறியாத ஆள், கையில் இறுக்கும் பட்டை; மனம் சற்றுப் படபடத்திருக்கும். நம் வீடுகளில் வந்தவருக்குக் காப்பித் தண்ணி கொடுக்காமல் பேச்சைத் தொடங்க மாட்டோம். கொடுப்பவரும் ஒரு வாய் குடிப்பார். அந்தக் காப்பியும் அதற்கு முன் இழுத்த பீடியும் எண்ணை ஏற்றிவிடும். அரை மணி இடைவெளி வேண்டும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. இவை சின்ன விஷயங்களாகத் தெரியலாம். ஒரு வீட்டில் 5 புள்ளி பிசகினால் ஒன்றும் ஆகாது. ஒரு மாநிலம் முழுக்க 5 புள்ளி பிசகினால், நோயில்லாத லட்சக்கணக்கானோர் நோயாளிக் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

இந்தியாவில் ஒவ்வொரு மாவட்டத்திலும் கைப்பட்டை சுற்றப்பட்டது 2015–16-இல் நடந்த நான்காம் தேசியக் குடும்ப நல ஆய்வில்தான். அதுவரை அந்த ஆய்வு பிரசவம், தடுப்பூசி, குழந்தையின் எடை பற்றியே பெரும்பாலும் கேட்டு வந்தது. நான்காம் சுற்றில் 49 வயது வரையுள்ள பெண்களுக்கும் 54 வயது வரையுள்ள ஆண்களுக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். ஐந்தாம் சுற்றில், 2019–21-இல், மேல் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். இதற்கு இணையாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர்கள் அஞ்சனாவும் மோகனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2008-இல் தொடங்கிய இன்டியாப் ஆய்வு நடந்தது. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. மாநிலம் மாநிலமாக 12 ஆண்டு நடந்து, 1,13,043 பேரை அளந்து, 2023-இல் முழுக் கணக்கைத் தந்தது: பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மூன்றில் ஒருவருக்கு மேல்.

அளப்பதோடு நின்றால் அது வெறும் கணக்குப்பிள்ளை வேலை. அளந்த கையோடு மருத்துவமும் சேரும்போது என்ன நடக்கும் என்று முதலில் காட்டியது பின்லாந்தின் வடக்குக் கரேலியா. சோவியத் எல்லையோரம், காடும் மரவெட்டும் பால்மாடும் உள்ள ஏழை மாகாணம். நடுவயது ஆண்கள் அங்கே மாரடைப்பால் சாய்ந்துகொண்டே இருந்தார்கள். 1971-இல் அந்த மாகாணத்தின் பிரதிநிதிகளே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களை அளந்தார்கள்; இடையில் வெண்ணெயையும் உப்பையும் புகையையும் குறைக்க வீடு வீடாகப் பேசினார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எல்லை மாவட்டம், மலையோரம், கூலி வேலை என்று தேனியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கரேலியா நினைவுக்கு வருகிறது.

தேனிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1996-இல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கிய சிறிய மாவட்டம். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2004-இல். 2005-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது, தொற்றா நோய்களை ஊர் அளவில் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதிக்க நான்கு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்த் தடுப்புக்கும் விருதுநகரும் சிவகங்கையும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தஞ்சாவூரும் தேனியும். 2007 முதல் 2010 வரை சோதனை நடந்தது.

இதயக் கதையில் புற்றுநோய் எதற்கு என்று கேட்கலாம். தேனியில் சோதித்தது அதைவிடப் பெரிய ஒன்றை. வலியில்லை, காய்ச்சலில்லை, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், 'உங்களுக்கு ஒன்றுமில்லை என்றாலும் வாங்கக்கா, பார்த்துடுவோம்' என்று சொன்னால் வருவாளா? அதுவும் வெளியில் சொல்லக் கூசும் பரிசோதனைக்கு? புளிக்காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் எளிய சோதனை அது. தேனிப் பெண்கள் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகளும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்களும் அதைச் செய்ய முடியும் என்று தெரிந்தது. நான்கு மாவட்டப் பாடங்களையும் சேர்த்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் புற்று, கருப்பை வாய்ப் புற்று நான்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் திட்டம் 2012-ஐ ஒட்டி மாநிலம் முழுக்க விரிந்தது. 30 வயதைத் தாண்டியவர் எந்த நோய்க்காக அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்ற நடைமுறையும், தொற்றா நோய்க்கென்றே தனி நர்சும் வந்தது அப்போதுதான்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவரைத்தான் பார்த்தார்கள். ஜலதோஷத்துக்கும் முழங்கால் வலிக்கும் வருகிறவர் அகப்படுவார். ஒரு நாள் கூலியை விட மனமில்லாமல் தலைசுற்றலையும் பொறுத்துக்கொண்டு திராட்சைப் பந்தலுக்கோ வாழைத்தோப்புக்கோ போகிறவர் அகப்பட மாட்டார். மாதா மாதம் மாத்திரை வாங்க வருவதற்கும் அதே சிக்கல். வந்த மாதம் மாத்திரை, வராத மாதம் இல்லை. பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டால் மறுநாளே ஒன்றும் செய்யாது. அதனாலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை 2020-இல் தமிழ்நாட்டில் நடத்திய ஸ்டெப்ஸ் ஆய்வு காட்டியது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு, கட்டுக்குள் 10.8 சதவீதம். இந்த 7.3 என்ற எண்ணை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பிரஷர் உள்ள நூறு பேரை ஒரு தெருவில் நிறுத்தினால், அதை அடக்கி வைத்திருப்பவர் ஏழே பேர். பாக்கி 93 பேரில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரை எடுப்பதில்லை. எடுப்பவர்களில் பலருக்கு அளவு போதவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன மாநிலத்தில் இந்த எண். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று அரசுகள் பெருமையாகச் சொல்லும் லட்சங்களும் கோடிகளும் எனக்கு முக்கியமாகப் படுவதில்லை. கட்டுக்குள் எத்தனை பேர் என்ற எண்தான் ஒரு சுகாதாரத் துறையின் மதிப்பெண்.

மக்களைத் தேடி மருத்துவம் இந்த எண்ணுக்குப் பதிலாக வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மகளிர் குழுக்களிலிருந்து எடுத்த சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர், பையில் ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். சந்தேகம் உள்ளவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்; அங்கே மருத்துவர் உறுதி செய்து எழுதிய மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தருவார். படுத்த படுக்கையாக உள்ளவருக்கு நோவு தணிப்பு நர்சும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024-இல் இத்திட்டத்துக்கு விருது கொடுத்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அளப்பவர் யார் என்பது. ஃபிரேமிங்ஹாமில் அளந்தவர் வெள்ளை அங்கி போட்ட மருத்துவர். இங்கே அதே தெருவில் குழுப் பணம் கட்டுகிற அக்கா. அவரிடம், 'நேத்து கருவாட்டுக் குழம்பு, அதான் ஏறிருக்கும்' என்று உண்மையைச் சொல்ல முடியும். 'மாத்திரை போன வாரமே தீர்ந்து போச்சு' என்பதை மருத்துவரிடம் மறைப்பவர்கூட அவரிடம் மறைப்பதில்லை. பின்னால் நடந்த ஆய்வில் கட்டுக்குள் இருப்போர் விகிதம் உயர்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் ஏற வேண்டிய தூரம் அதிகம்.

மாரடைப்பு வந்துவிட்ட பிறகு அளக்க வேண்டியது நேரத்தை. கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏலத்தோட்டத்திலிருந்து என்றால் அதற்கு முன் ஒரு மலை இறங்க வேண்டும். அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கும் வசதி பெரிய ஊர்களில்தான் உண்டு. 2012-இலிருந்து 2014 வரை மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லசாரியும் தமிழ்நாட்டில் ஒரு வழியைச் சோதித்தார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த இசிஜியை அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்துவிட்டு 108 வண்டியில் ஏற்றி அனுப்புவது. 2,420 நோயாளிகளின் கணக்கில், ஓராண்டுக்குள் இறந்தவர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டம் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்து மேலே அனுப்புவது. வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் குடித்துக் கழிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிராக இந்த 14 மாத்திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

இனி அந்த ஜீப்புக்கு வருவோம்.

வீட்டுக்கு வரும் மருத்துவம், வீட்டில் ஆள் இருந்தால்தான் வந்து சேரும். விடியும் முன் மலையேறி, அந்தி சாய இறங்குகிறவரின் ரத்த அழுத்தம் தமிழ்நாட்டின் பகல் கணக்கில் எளிதில் விழாது. அவர் பகல் முழுக்க இருக்கும் இடம் கேரளத்தில். அங்கே அவர் வீட்டுக்காரர் அல்ல, வந்துபோகும் வேலைக்காரர். இரண்டு மாநிலமும் மருத்துவத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கியவை. நடுவில் உள்ள இந்த மெட்டுகளில் ஏறி இறங்குகிறவர் இரண்டின் பதிவேட்டிலும் நழுவிப் போகலாம். ஏல மையத்து மொழியில் சொன்னால், மூட்டையின் அடியில் கிடக்கும் காய் கைக்கு வரவே இல்லை. குளிரில், சரிவில், குனிந்து குனிந்து காயெடுக்கும் 50 வயதுப் பெண்ணும், பீடியோடும் உறக்கமின்மையோடும் கொண்டை ஊசி வளைவுகளில் அவர்களை ஏற்றி இறக்கும் ஜீப் ஓட்டுநரும்தான் இந்த மாவட்டத்தில் முதலில் அளக்கப்பட வேண்டியவர்கள் என்பது என் கருத்து.

வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அரசும் உணர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கியது. ஆனால் தொழிற்சாலைக்கு வாசல் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. தேனிப் பெண்களின் தொழிற்சாலை மாநில எல்லைக்கு அப்பால் மலைச் சரிவில் சிதறிக் கிடக்கிறது. அவர்களுக்கு வாசல் என்று ஒன்று இருக்குமானால் அது ஜீப் நிற்கும் இடம். காலையில் ஏறும் அவசரத்தில் அளப்பது கடினம். மாலையில் இறங்கியதும், ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளக்கலாம். கம்பத்திலும் போடியிலும் கூடலூரிலும் வாரத்தில் ஓர் அந்தி, ஒரு பெஞ்சு, ஒரு கருவி, ஒரு தன்னார்வலர். இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை.

அதுவரை, பள்ளத்தாக்கில் இதைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையோடு வரும் தன்னார்வலர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது, வீட்டில் இருப்பவர்களின் பெயரோடு, இல்லாதவர்களின் பெயரையும் சொல்லுங்கள். எந்த மெட்டுக்குப் போயிருக்கிறார், எந்த ஜீப்பில் வருவார், எத்தனை மணிக்கு இறங்குவார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

(தொடரும்)